அரை மணி நேரச் சாட்சியம்

விஸ்கான்ஸின் மாநிலத்தின் சார்பில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ரான் கைண்ட், குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்த ஒரு விருந்தில், கொரியா யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்த தம் தகப்பனாரும், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பசிபிக் பிரதேசத்தின் மேல் விமானத்தில் பறந்த மூத்த உறவினர் ஒருவரும், அதுவரை வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிராத அனுபவங்களைப் பேச்சுவாக்கில் எடுத்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களை நிறுத்திவிட்டு வீடியோ கேமராவைத் தேடி எடுத்து வந்தாராம். சிறுவர்களாக இருந்த தம் புதல்வர் இருவரும் வளர்ந்த பிறகு பாட்டனாரின் வாயாலேயே அதைக் கேட்கவேண்டும் என்பதே அவருடைய ஆசை. அந்த ஆசைதான் மசோதாவாகி, இரு சபைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறி, 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் சட்டமாயிற்று. படைவீரர் சரித்திரத் திட்டம் என்ற பெயரில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதை இன்றும் நடத்தி வருகிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் நினைவுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன.

இத்திட்டத்தின் விசேஷம், படம் பிடிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்களாக இருக்கவேண்டியதில்லை என்பதே. உயர்நிலைப் பள்ளி மாணவன் பிடிக்கலாம், பேத்தி பிடிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்கலாம். ஆனால் பேட்டி அரை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. வெட்டவோ ஒட்டவோ கூடாது. தொடக்கத்தில் தேதி, இடம், வீரரின் பெயர், பிறந்த நாள், பணிபுரிந்த படை, கேள்வி கேட்பவர் யார் என்பவற்றைப் படத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதல் உலக மகாயுத்தத்துக்குச் சென்ற அமெரிக்க வீரர்களில் கடைசியாக எஞ்சி, 2011-இல் தம் 110-ஆவது வயதில் காலமான ஃபிராங்க் பக்கிள்ஸின் பேச்சும் இவ்வாறே அங்கே பத்திரமாயிருக்கிறது.

அதே தேசத்தின் ராணுவம் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போர்முனையில் மனம் சிதைந்து, நியூயார்க்குக்கு அருகில் ஓர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற சிப்பாய்களை, அவர்கள் திக்கித் திணறிப் பேசியதையும் அழுததையும் உள்ளபடியே, பிரபல டைரக்டர் ஜான் ஹூஸ்டன் ராணுவத்துக்காகவே படமாக்கினார். 'லெட் தேர் பி லைட்' என்ற அந்தப் படத்தை 1946-இல் ராணுவமே பொதுமக்கள் பார்க்கவொட்டாமல் தடுத்து, ஏறக்குறைய 35 வருஷம் முடக்கி வைத்தது. அழும் வீரன் அன்றைய அதிகாரிகளுக்கு உவப்பாக இல்லை போலும்!

அதிகாரிகளுக்கு மட்டுமா? கத்துக்குட்டிகள் எடுக்கும் குறும்படங்களிலும் இந்தக் குறையைக் காண்கிறோம். தாத்தா பேசத் தொடங்கி ஒரு நிமிஷம் ஆவதற்குள் முரசு முழங்குகிறது, தேசியக்கொடி மெதுவாக அசைகிறது, சினிமாவிலிருந்து உருவிய பீரங்கிப் புகை திரையை மறைக்கிறது; அவர் தொண்டை அடைத்து நிறுத்திய இடமோ கத்தரிக்கோலுக்குப் பலியாகிவிடுகிறது. என் அபிப்பிராயத்தில், அந்த மௌனத்தைக் காட்டிலும் மதிப்புள்ள காட்சி படத்தில் வேறு எதுவும் இராது. “எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்கும் பேரனுக்குச் சுருக்கமான மழுப்பல்தான் கிடைக்கும், “நீங்க பட்டாளத்துக்குக் கிளம்பினப்போ வீட்டுல யார் அழுதாங்க, தாத்தா?” என்று கேட்டுப் பார்க்கட்டும், ரயிலடியில் தாயார் மடியில் கட்டிக்கொடுத்த பலகாரம் முதற்கொண்டு எல்லாம் வெளிவரும்.

1758-இல் தோன்றியதாகப் பெருமை கொள்ளும் மதராஸ் ரெஜிமெண்ட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய நாடு நம்முடையது. நேதாஜியின் படையில் சேர்ந்த மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் தங்கள் கதையை யாரிடமும் பதிவு செய்யாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1971-இல் இருபது வயதுச் சிப்பாயாக வங்காளப் போருக்குப் போனவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. 1965-இல் போனவர் எண்பதை எட்டிப்பிடித்துவிட்டார்.

பீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14-ஆம் தேதியை முன்னாள் படைவீரர் தினமாக நம் தேசம் அனுசரிக்கிறது. நமக்கோ அது வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பும் பொங்கல் சமயம். ஆகையால் கையில் செல்போனுடன் ஊருக்கு வரும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தெருவில் மிலிட்டரித் தாத்தா ஒருவர் இருந்தால், மின்விசிறியையும் டெலிவிஷனையும் அணைத்துவிட்டு அவர் எதிரே அரை மணி நேரம் உட்காருங்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பழைய போட்டோக்களையும் அவர் கையாலேயே காட்டச் சொல்லுங்கள், பிடித்த படத்தைச் செல்போனிலேயே விட்டுவிடாமல் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.