கடற்காளானும் இரத்தப் புற்றுநோயும்



சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்குக் காடியில் தோய்த்து நீட்டப்பட்டது கடற்காளான் என்று வேதாகமத்தில் வாசிக்கிறோம். பெயர்தான் காளான், உண்மையில் அது ஒரு பிராணி. பள்ளிப் புத்தகங்கள் கடற்பஞ்சு என்கின்றன.

அதைப் பற்றி எங்கள் வார்டில் பேச்சு வந்தது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துத் தாயார் ஒருவர், இரத்தப் புற்றுநோயுள்ள தம் மகனுக்கு ஏறும் மருந்து கடற்பஞ்சினால் அறியப்பட்டது என்று நர்ஸ் அம்மா சொல்லக் கேட்டார். "அப்போ ராமேஸ்வரத்துல அதையே வாங்கி கஷாயம் வச்சுக் குடுத்தா ஆகாதாம்மா?" என்றார். நியாயமான கேள்விதான். ஊசிக்கும் வார்டுக்கும் ஆடுமாடுகளை விற்றவர் அவர்.

கடற்பஞ்சைப் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் மண்டபம் இருக்கிறது. அங்குள்ள மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 275 வகைக் கடற்பஞ்சுகளை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. ஏ. தாமஸ் பதிவு செய்துள்ளார். கிண்ணம்போல், விசிறிபோல், குழாய்போல், பாறைமேல் பூசிய சாயம்போல் என்று பல உருவங்கள். சில வகைகள் சங்கையும் முத்துச்சிப்பியையும் துளைத்துக் குடியேறுகின்றன. சில பவளத்தின்மேல் படர்ந்து அதைச் சாகடிக்கின்றன. சாது என்று நினைத்துவிட வேண்டாம்!

வளர்ந்த கடற்பஞ்சு இருந்த இடத்தைவிட்டு ஓட முடியாது. பல்லில்லை, ஓடில்லை. உடலெங்குமுள்ள துளைகளால் கடல்நீரை இழுத்து வடிகட்டி உண்கிறது. மீன் கடிக்காமலும், பக்கத்தில் வளர்வது தன்மேல் ஏறாமலும் காத்துக்கொள்ள அதற்கிருப்பது இரசாயனங்களே. அவற்றில் பலவற்றை அதனுள் வாழும் நுண்ணுயிரிகளே தயாரிக்கின்றன.

அமெரிக்காவில் ஃபுளோரிடா கரையோரத்தில் எடுத்த ஒரு கடற்பஞ்சில், வெர்னர் பெர்க்மன் என்ற விஞ்ஞானி விநோதமான சில பொருட்களைக் கண்டு 1951-இல் எழுதினார். நம் உயிரணுக்கள் மரபுப்பொருளைக் கட்டும் செங்கல் போன்றவையே அவை. ஆனால் சேர்ந்திருக்கும் சர்க்கரை வேறு. அந்த மாதிரியைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் 1959-இல் செய்யப்பட்டதுதான் சைட்டராபின். 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேகமாய்ப் பெருகும் புற்றணு இதை நல்ல செங்கல் என்று நம்பி எடுத்து வைக்கிறது. கட்டுமானம் அங்கேயே நின்றுவிடுகிறது. வேகமாய்ப் பெருகும் மற்ற அணுக்களும் அடிபடுவதால் வாய்ப்புண் வருகிறது, முடி கொட்டுகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன.

ஆகவே அந்தத் தாயாருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: இப்போது இம்மருந்துக்காக எந்தக் கடற்பஞ்சையும் பறிப்பதில்லை, முழுவதும் ஆலையில் தயாராகிறது. கடலில் கிடைப்பதைக் காய்ச்சினால் இம்மருந்து வராது. சில வகைகளைத் தொட்டாலே அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். சைட்டராபினை விழுங்கினாலும் பெரும்பகுதி வீணாய்ப்போகும் என்பதால்தான் ஊசியாகவே ஏற்றுகிறோம். அவர் வெகுநேரம் யோசித்து, "சரிம்மா, நீங்களே பாருங்க" என்றார்.

பையனுக்கு ஏழு நாள் மருந்து ஏறி முடிந்தது. இரத்த அணுக்கள் திரும்பி வரும்வரை காய்ச்சலோ இரத்தக்கசிவோ வரலாம். இந்த வாரங்களே கடினமானவை. தட்டணுக்களை ஐந்து நாட்களுக்குமேல் சேமித்துவைக்க இயலாததால் புதிதாகக் கொடுப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். மதுரையிலுள்ள பங்காளர்கள் எங்கள் இரத்த வங்கியில் பெயர் கொடுக்கலாம். தூரத்திலிருப்பவர்கள் அவனை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.