மண்ணுக்கு அடியில் எட்டிப் பார்க்கும் ரேடார்! மழைக்கு முன்னே வந்தால்தான் மலைக்கு லாபம்

ஏற்காடு மலையில் மாரமங்கலம் பக்கம் போனால் மேலே தெரிவது செம்மண். அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. அது எத்தனை அடியில் இருக்கிறது?

மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஒரு இடத்தில் கடப்பாரை இரண்டே அடியில் ‘ணங்’ என்று பாறையில் மோதலாம். கொஞ்சம் தள்ளிக் குத்தினால் ஆள் ஆழத்துக்கு மண்ணாகவே இருக்கலாம்!

இது சின்ன விஷயம் அல்ல. காபிச் செடி வேர் விட ஆழமான மண் வேண்டும். சரிவில் எவ்வளவு மண் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எது சரியும் என்று கணக்குப் போடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்தே நின்றுபோனது.

தோண்டாமலே தெரியுமா?

மண் ஆய்வு என்றால் 5, 6 அடிக்குக் குழி வெட்டிப் பார்ப்பதுதான் பழைய வழக்கம். குழி வெட்டிய இடம் தெரியும். இரண்டு குழிக்கு நடுவே இருப்பது? வெறும் ஊகம்தான்!

அந்த இடைவெளியை நிரப்பத்தான் தரை ஊடுருவும் ரேடார். சின்னத் தள்ளுவண்டி மாதிரி தரையோடு ஒட்டி உருட்டிக்கொண்டே போவார்கள். அது ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பும். மண் மாறும் இடத்தில், பாறை வரும் இடத்தில் அலை மோதித் திரும்பும். திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 1979-லேயே இதை மண் ஆய்வுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே மணல் பூமி. மணலுக்கு அடியில் களிமண் எங்கே தொடங்குகிறது என்று ரேடார் கோடு போட்டுக் காட்டியது.

ஈரம்தான் எதிரி

மணலில் கெட்டிக்காரனான ரேடார், களிமண்ணில் திணறுகிறது. காய்ந்த மணலில் 30 அடிக்கு மேலும் பார்க்கும். ஈரக் களிமண்ணில் 3 அடி தாண்டுவதே பெரும்பாடு. அலையை ஈரமும் களியும் விழுங்கிவிடும். கரிசல் மண்ணில் ரொம்ப மோசம். மலைச் செம்மண் அதைவிடத் தேவலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ‘ஏதோ இருக்கு’ என்றுதான் ரேடார் சொல்லும். ‘இன்னதுதான்’ என்று சொல்லாது. 2024 ஜூலை 16-ல் கர்நாடக மாநிலம் சிரூரில் மலை சரிந்து ஒரு லாரி மாயமானது. ரேடார் கொண்டுவந்து அலசினார்கள். சந்தேகப்பட்ட இடங்களில் மண்ணை அள்ளினார்கள். லாரி கிடைக்கவில்லை. கடைசியில் செப்டம்பர் 25-ல் கங்காவளி ஆற்றுக்குள் இருந்துதான் அதைத் தூக்கினார்கள், டிரைவரின் உடலோடு!

கோடைதான் நேரம்

அப்படியானால் மலைக்கு இது ஆகாதா? ஆகும். ஆனால் காலம் பார்த்து வரவேண்டும். மண் காய்ந்து கிடக்கும் கோடையில் வண்டியை ஓட்ட வேண்டும். அங்கங்கே நாலு குழியும் வெட்டி, ரேடார் சொன்னது சரிதானா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். குழியே வேண்டாம் என்பதல்ல. நூறு குழி வெட்டும் இடத்தில் பத்தோடு முடியலாம்.

மழை கொட்டி, மண் சரிந்து, ரோடு அடைத்த பிறகு ரேடாரைத் தேடி ஓடினால்? மண் முழுக்க ஈரம். ரேடாருக்கும் கண் மங்கிப்போயிருக்கும்!