இருமொழி பேசும் இல்லம்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டும் ஏடும் உரைப்பதுபோலப் பழைய வீடுகளும் உரைக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போருக்கு முன் எழுந்த மாளிகைகளைப் ‘போருக்கு முந்தைய வீடுகள்’ எனத் தனியே பெயரிட்டுப் பேணி வருகின்றனர். பெரும்போர் ஒன்றைக் கடந்து நிற்கும் வீடு நம் அருகிலும் உண்டு. புதுச்சேரியில் உள்ள ஆனந்தரங்கர் மாளிகையே அது.

துபாசியின் வீடு

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். வணிகத்தில் சிறந்து, ‘ஆனந்தப்புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளராகவும் விளங்கியவர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாகப் பணியாற்றினார். ‘துவிபாஷி’ என்னும் வடசொல்லின் திரிபே துபாசி. இருமொழி அறிந்தவர் என்பது அதன் பொருள். ஆளுநரின் கருத்தைத் தமிழருக்கும், தமிழரின் முறையீட்டை ஆளுநருக்கும் எடுத்துச் சொல்வது அவர்தம் கடமை.

1738ஆம் ஆண்டைச் சார்ந்த அவரது மாளிகை, இன்று அவர் பெயரால் வழங்கும் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ளது. அதன் கீழ்த்தளம் தமிழர் மரபில் அமைந்தது. வானம் நோக்கித் திறந்த நடுமுற்றத்தைச் சுற்றிலும் வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள் நிற்கின்றன. வெயிலும் மழையும் காற்றும் வீட்டினுள் வந்துசெல்ல இடந்தருவது இவ்வமைப்பு. படியேறி மேல்தளத்தை அடைந்தால் காட்சி மாறுகிறது. அங்கே மரத்தூண்களுக்கு மாறாகச் சுண்ணச்சாந்து பூசிய வெண்ணிறத் தூண்கள் ஐரோப்பியப் பாணியில் அணிவகுக்கின்றன. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என, உரியவரைப் போலவே வீடும் இருமொழி பேசுகிறது!

போரும் எஞ்சியதும்

கருநாடகப் போர்களின்போது புதுச்சேரி பலமுறை தாக்குதலுக்கு உள்ளானது. 1748ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இட்ட முற்றுகை தோல்வியுற்றது. 1760இல் தொடங்கிய முற்றுகையோ நகரைப் பசியில் ஆழ்த்தியது. 1761 ஜனவரி 16ஆம் நாள் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னரே ஆனந்தரங்கர் மறைந்துவிட்டார். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தியாகதுருகம் மலைக்கோட்டையும் அடுத்த சில வாரங்களில் ஆங்கிலேயர் வசமாயிற்று.

வென்றவர்கள் பிரெஞ்சியரின் கோட்டையையும் கடற்கரையை ஒட்டிய அவர்தம் குடியிருப்புகளையும் தகர்த்தனர். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையால் நகரம் பிரெஞ்சியருக்கு மீண்டது. 1765 முதல் மறுகட்டுமானம் தொடங்கியது. இன்று பயணிகள் வியக்கும் பிரெஞ்சுத் தெருக்களின் கட்டடங்கள் பெரும்பாலும் அதன்பின் எழுந்தவையே. அவற்றினும் மூத்தது ஒரு தமிழரின் வீடு என்பது எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

ஆனந்தரங்கர் 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல்களின் வருகை, வணிகம், வழக்குகள், தண்டனைகள், போர்ச்செய்திகள் ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன. 1846இல் அது கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

பேணுதல் நம் கடன்

நாட்குறிப்பைப் படியெடுத்துக் காத்தார்கள். வீட்டைப் படியெடுக்க இயலுமா? இடித்த முற்றத்தின் நிழலையும் தேய்ந்த படிகளின் தடத்தையும் எந்தப் படமும் மீட்டுத் தராது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகள் பல, அடுக்குமாடிகளுக்கு இடம்விட்டு மறைந்துவிட்டன. எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. அந்நகரின் வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகளைப் பழைய வடிவிலேயே சீரமைத்த பணி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதைப் பெற்றது. மக்கள் வாழும் தெருவையே காக்க இயலும் என்பதற்கு அது சான்று.

போரால் வீழாத வீடுகள் நம் புறக்கணிப்பால் வீழக்கூடும். அவ்வாறு நேராமல் காப்பது, இவ்வீடுகளின் மொழியை அறிந்தோர் அனைவரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

உம் ஊரிலுள்ள பழைமையான வீடொன்றின் திண்ணை, முற்றம், தூண், கூரை ஆகியவற்றை உற்றுநோக்கி, அங்கு வாழும் முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதுக.