பேவர் பிளாக்குக்குக் கீழே

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் தண்ணீர். சென்னையில் ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. 50 மில்லிமீட்டர் மழைக்கு அதில் விழுவது சுமார் 11,000 லிட்டர்; ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி. மொட்டைமாடியில் விழும் பங்கைச் சேகரிக்க 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் சட்டம் இருக்கிறது. வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுவதோ சிமென்ட் தரையில் ஓடித் தெருவில் தேங்குகிறது.

அதை விழுந்த இடத்திலேயே நிலத்துக்குள் இறக்குவதுதான் நீர் புகும் தளம். ஒரு வகை, மணல் சேர்க்காத கான்கிரீட். பொரி உருண்டையில் பாகு பொரியைப் பிடித்திருப்பதுபோல, சிமென்ட் பசை ஜல்லியைப் பிடித்திருக்கும். இடுக்குகளை அடைக்க மணல் இல்லாததால் 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம். நீர் அதன் வழியே இறங்கும். இன்னொரு வகை பேவர் பிளாக். இதில் கல் நீரை விடாது. கற்களுக்கு நடுவே பொடி ஜல்லி நிரப்பிய இடைவெளிதான் வழி.

அந்த இடைவெளி இருந்தால் மட்டும் போதாது. அடியில் கான்கிரீட் போட்டோ, கிரஷர் பொடியைக் கெட்டித்தோ கல் பதித்தால் நீர் அங்கேயே நின்றுவிடும். உண்மையான வேலை கீழே இருக்கும் ஜல்லிப் படுகையுடையது. மேலே பொடி ஜல்லி, அதன்கீழ் 20 மில்லிமீட்டர், அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி என அடுக்குவார்கள். ஜல்லியில் ஏறத்தாழ 40 சதவீதம் இடைவெளி. ஆகவே ஓரடி ஆழப் படுகை, தன்மேல் பெய்யும் 120 மில்லிமீட்டர் மழையைத் தாங்கி, மெல்ல மண்ணுக்குக் கொடுக்கும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் படுகையில் நிற்கும் நீர் சீக்கிரம் இறங்கிவிடும். களிமண்ணில் நாள்கணக்காகும், மிஞ்சும் நீரை வெளியேற்றத் துளையிட்ட குழாய் பதிக்க வேண்டும். எண்ணெய் சிந்தும் பெட்ரோல் பங்க், மெக்கானிக் கடைகளில் இந்தத் தளம் கூடவே கூடாது. அழுக்கும் நிலத்தடி நீரில் கலந்துவிடும். தூசி படிந்தால் துளைகள் அடைபடும். அவ்வப்போது உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்ய வேண்டும். மேலே மணலைக் கொட்டி வைக்கக்கூடாது.

எனவே கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கும் முன், படுகை உட்காரப்போகும் ஆழத்தில் ஒரு குழி வெட்டி நீரை நிரப்புங்கள். அது வடிய எத்தனை மணி நேரமாகிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.