இற்றைப்படுத்தலும் இழந்த கோப்புகளும்

“இற்றைப்படுத்தல் நடைபெறுகின்றது, கணினியை நிறுத்திவிடாதீர்கள்” என்னும் வாசகத்தைத் திரையிலே கண்டு கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்த அனுபவம் நேயர்களிற் பலருக்கு இருக்கும். மறுநாட் காலை ஒப்படைக்கவேண்டிய கட்டுரையை அச்சிட அமர்ந்த இரவிலேதான் அவ்வாசகம் பெரும்பாலும் தோன்றும். முப்பது வீதம் என்று காட்டிய இலக்கம் அரைமணி நேரமாக அசையாது நிற்கும். பிள்ளை பொறுமையிழந்து ஆளியை அமர்த்திவிடுவான். அதன்பின் கணினி விழிக்க மறுக்கும். “புதுக்குகின்றோம் என்று சொல்லி இருந்ததையும் கெடுத்துவிட்டார்களே” என்று வீட்டிலே முணுமுணுப்பு எழும்.

அம்முணுமுணுப்பு நியாயமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். விசைப்பலகை, திரை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளுக்கும் நாம் ஆளும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று யாவற்றையும் நடத்துவது பணிசெயல் முறைமை. பாடநூலார் இற்றைப்படுத்தல் என்றும், பிள்ளைகள் ‘அப்டேற்’ என்றும் சொல்வது அம்முறைமையைத் திருத்தும் வேலையையே. குடியிருப்போரை வெளியேற்றாமல் வீட்டின் அத்திவாரத்தைத் திருத்துவதற்கு ஒப்பானது அது. கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் சுவரிலே வெடிப்பு விழுதல் கூடும்.

வெடிப்பு எவ்வாறு விழுகின்றது என்பதற்கு 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் 10 முறைமைக்கு 1809 என்னும் இலக்கமுடைய பெரும் இற்றைப்படுத்தல் ஒன்றை வெளியிட்டனர். அதனை ஏற்றுக்கொண்டோருட் சிலர் கணினியைத் திறந்து பார்த்தபோது தங்கள் ஆவணங்களும் படங்களும் இருந்த இடம் வெறுமையாய்க் கிடக்கக் கண்டனர். நான்கு நாட்களுள், அதாவது ஒக்டோபர் 6ஆந் திகதி, நிறுவனத்தார் அதன் விநியோகத்தை நிறுத்தினர். குறை நீக்கி மீண்டும் வெளியிட்டது நவம்பர் 13ஆந் திகதியிலேயாம்.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணமுமன்று, பெருஞ் சோம்பலுமன்று. முதல் வன்தட்டிலே இடம் போதாதவர்கள் ‘ஆவணங்கள்’, ‘படங்கள்’ முதலிய கோப்புறைகளை வேறொரு தட்டுக்குத் திருப்பிவிடுவதுண்டு. அவ்வாறு திருப்பியோருக்குப் பழைய இடத்திலும் அதே பெயரில் வெறுங் கோப்புறை ஒன்று கிடக்கின்றது என்று அதற்கு முந்திய இற்றைப்படுத்தலின் பின்னர் முறைப்பாடுகள் வந்தன. ‘அவ்வெறுங் கோப்புறையை அகற்றிவிடுவோம்’ என்று நிறுவனத்தார் சில வரிகள் எழுதிச் சேர்த்தனர். ஆனால், கோப்புறையைத் திருப்பிய பலர் பழைய கோப்புகளைப் புதிய இடத்துக்கு நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே விட்டிருந்தனர். எழுதப்பட்ட வரிகளோ கோப்புறை வெறுமையா, நிறைவா என்று பார்க்கவில்லை. குப்பைக்கூடையை எடுத்தவன் அதனுள்ளே கிடந்த தாலிக்கொடியையும் சேர்த்துக் கொட்டிய கதையாயிற்று.

இழப்பைத் தெரிவித்தோர் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவினரே என்று நிறுவனத்தார் கணக்குச் சொன்னார்கள். கணக்குச் சரியாயிருக்கலாம். ஆயினும் அந்த ஒருவர் ஆய்வேடு எழுதி முடித்த மாணவராக இருப்பின், மற்றை 9,999 பேரின் நலத்தைக் கேட்டு அவர் ஆறுதலடைவாரா? இதிலே நமக்கு அதிகம் வருத்தந் தருவது வேறொன்று. வெளியீட்டுக்கு முன்னர் பரிசோதனைக்கு உட்படுத்தியோருட் சிலர் இக்குறையை முன்னரே எழுதித் தெரிவித்திருந்தனர். ஒரே முறைப்பாட்டை எத்தனை பேர் ஆதரித்தனர் என்பதே கவனிக்கப்பட்டமையால், சிலர் மட்டுங் கூறிய பெருந் தீங்கு பலர் கூறிய சிறு குறைகளின் அடியிலே அமிழ்ந்துபோயிற்று. தீங்கின் கடுமையையும் குறிப்பிடுவதற்கு அதன் பின்னரே வழி செய்தார்கள்.

அப்படியாயின் இற்றைப்படுத்தலையே மறுத்துவிடலாமே என்று கேட்போர் 2017ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டு மார்ச் 14ஆந் திகதி விண்டோஸ் முறைமையின் ஓட்டை ஒன்றை அடைக்குந் திருத்தம் வெளியாயிற்று. ஏற்காது விட்டிருந்த கணினிகளை மே 12ஆந் திகதி ‘வன்னக்கிறை’ என்னும் தீய மென்பொருள் அதே ஓட்டையின் வழியே புகுந்து பற்றியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகளில் மட்டும் 19,000க்கு மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் காத்துக் கிடந்தது என்பதை நேயர்கள் கவனிக்க.

ஆகவே ஏற்பதா, மறுப்பதா என்பதை விட எப்பொழுது, எந்த ஆயத்தத்தோடு ஏற்பது என்பதே கேள்வி. மாதந்தோறும் வரும் திருத்தங்கள் அமெரிக்க நேரப்படி இரண்டாஞ் செவ்வாய்க்கிழமை காலையிலே வெளியாகின்றன. நமது நாட்டிலே அது செவ்வாய் நள்ளிரவை அண்டிய நேரம். புதன்கிழமை காலையிற் பல வீடுகளிலே கணினி தாமதிப்பதன் மர்மம் இதுவே. பரீட்சையோ ஒப்படையோ நெருங்குமாயின், அமைப்புகளுட் புகுந்து இற்றைப்படுத்தலைச் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கலாம். விண்டோஸ் 11இல் ஐந்து வாரம்வரை இடமுண்டு. மின்சாரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறக்கவில்லை. மின்கலம் இல்லாத மேசைக் கணினி இற்றைப்படுத்தலின் நடுவே அணைந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாய் நின்றுவிடும்.

ஆயத்தம் என்று நாம் சொல்வது பிரதியெடுத்தலை. வெளியே இணைக்கும் வன்தட்டொன்றிலே கோப்புகளைப் பதிந்து, பதிந்தவற்றுள் இரண்டொன்றைத் திறந்து பார்த்து, பின் அதனைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுதல் வேண்டும். கழற்றிவைத்த தட்டை 2018இன் பிழையும் தொட்டிராது, 2017இன் கள்வனும் தொட்டிரான்.

இனி, கணினி இடையிலே நின்றுவிட்டால் யாது செய்வது? இலக்கம் அசையாவிடினும் வன்தட்டின் சிறுவிளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கின்றது என்று கொள்க. பழைய கணினிகளுக்குச் சில மணி நேரமும் ஆகும். உண்மையிலேயே எழும்பாது போயின், அச்சுப்பொறி முதலியவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி இயக்கிப் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை தொடக்கம் தவறினால் மீட்புத்திரை தானே தோன்றும். கடைசியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்குவதற்கு அங்கே வழியுண்டு. பெரும் இற்றைப்படுத்தலாயின் பத்து நாட்களுக்குள்ளே பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதற்கு வேண்டிய பழைய கோப்புறையை, இடம் பிடிக்கின்றதே என்று அவசரப்பட்டு அழித்துவிடலாகாது.

மீட்புத்திரையிலிருந்து ‘சேஃப் மோட்’ என்னும் குறைந்தபட்ச இயக்கத்துக்கும் செல்லலாம். 2024ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றபோது, பல இடங்களிலே ஊழியர்கள் கணினி கணினியாகச் சென்று இவ்வழியாலேயே அக்கோப்பை நீக்கினர். அன்று சிலர் வேறொரு கதவிலும் முட்டிக்கொண்டனர். வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்கங் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கும். அதே மாதத்து விண்டோஸ் திருத்தமும் சில கணினிகளிலே இச்சாவியைக் கேட்டு நின்றது. பெரும்பாலும் அது மைக்ரோசொப்ட் கணக்கிலே பதிந்திருக்கும். கணினி நன்றாயிருக்கும்போதே அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவைத்தல் நன்று.

கோப்புகள் மறைந்துபோயின் அக்கணினியிலே புதிதாக எதனையும் எழுதாதிருத்தல் வேண்டும். அழிந்த கோப்பின் இடம் வெறுமை என்று குறிக்கப்படுகின்றதேயன்றி, வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளடக்கம் பல வேளைகளில் அங்கேயே கிடக்கும். 2018இலும் நிறுவனத்தார் கூறிய முதற் புத்திமதி கணினியை இயன்றவரை பயன்படுத்தாதீர்கள் என்பதே.

தமிழ் எழுதுவோருக்கே உரிய வேறொரு திகைப்பும் உண்டு. விண்டோஸ் 10 வந்தபோது, நெடுங்காலம் வழங்கிய லதா என்னும் எழுத்துரு கட்டாயத் தொகுதியிலிருந்து நீங்கி, விரும்பினாற் சேர்த்துக்கொள்ளும் தமிழ்த் துணை எழுத்துருக்களுள் ஒன்றாயிற்று. பழைய ஆவணத்தைத் திறந்தால் வேறெழுத்துரு வந்து அமர்ந்து வரிகளும் பக்கங்களும் இடம்பெயர்ந்து காணப்படும். அமைப்புகளிலே அத்துணைத் தொகுதியைச் சேர்த்தால் பழைய ஒழுங்கு மீளும். பாமினியிலே தட்டெழுதிய வினாத்தாள்களின் நிலையோ இன்னும் விநோதம். புதிய கணினியிலோ, துடைத்து மீள நிறுவிய கணினியிலோ அவ்வெழுத்துரு இல்லாவிடின் வினாத்தாள் முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை அழித்த ஆசிரியர்களும் உளர். பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதிகளோடு சேர்த்து வைத்திருந்து மீண்டும் நிறுவினால், அதே வினாத்தாள் முதலாம் வினாவிலிருந்து தமிழாகவே வாசிக்கக் கிடைக்கும்.