அலை குறைந்த கடலும் நம் கடைக் கடல்பாசியும்

நம் வணிகப் பெருமக்கள் கடையை அடைத்துக் குடும்பத்தோடு வெளியூர் போவது வருடத்தில் சில நாட்களே. மே 5 வணிகர் தினம், பொங்கல், தீபாவளிக்கு மறுநாள், அவ்வளவுதான். பிள்ளைகளோ கடலுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். பாவம், ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஏரியும் அணையும்தான். அதிலும் கெலவரப்பள்ளி அணையில் பெங்களூர்க் கழிவு நுரையாகப் பொங்கி வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உடனே மாமல்லபுரம், புதுச்சேரி என்று வண்டி பிடிக்கிறோம். அவை திறந்த கடல்கள். கரையை ஒட்டியே பள்ளம் இருக்கும், திரும்பும் அலை காலை வாரும். ஏரியில் நீந்தப் பழகியவன்தான் அங்கே துணிந்து உள்ளே போகிறான் என்பது என் எண்ணம்.

நான் சொல்வது ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரை. ஓசூரிலிருந்து சேலம், மதுரை வழியாக 500 கி.மீ.க்குச் சற்று மேல். ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளியைத் தாண்டி வடக்கே திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு நிழல், எதிரே பாக் விரிகுடா. ஒரு பக்கம் தமிழகம், மறுபக்கம் இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவு. இப்படி அடைபட்டிருப்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்ட ஆழம்தான். அந்தப் பக்கத்தார் இதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள்.

ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை போகாதீர்கள். வடகிழக்குக் காற்றில் பெண் கடலும் சீறும், தண்ணீர் கலங்கிவிடும். மாசியிலிருந்து ஆவணி வரை நல்லது. சொறிமுட்டை எனும் ஜெல்லிமீன் மிதந்தால் இறங்க வேண்டாம், பட்டால் உடம்பு எரியும்.

கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்டது. ஆகையால் ஏரியை விட உடம்பு லேசாக மிதக்கும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்து வாயால் மூச்சு விடப் பழகினால் அடியில் கடற்புல்லும் மீனும் பார்க்கலாம். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பழகட்டும். மிதவைச் சட்டை இல்லாமல் பிள்ளைகளை விடக்கூடாது. பக்கத்தில் பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு விடவும் கற்றுத் தருகிறார்கள்.

இந்தக் கண்ணாடியை நாம் விளையாட்டுக்கு மாட்டுகிறோம். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் பிழைப்புக்கு மாட்டுகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அது மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகர் அகர் ஆகிறது. ரம்ஜான் மாதத்தில் நம் கடைகளில் கடல்பாசி என்று பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறோமே, அதுதான். எத்தனை வருடம் விற்றும் அதன் பின்னால் இப்படி ஒரு மூச்சு இருப்பதை நம்மில் பலர் அறியோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் தேசியப் பூங்காவானபின் அங்கே இறங்கத் தடை. பறிக்கும் இடம் சுருங்கிவிட்டது. பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என அந்தப் பெண்கள் தாங்களே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். விலையைப் பற்றி நாம் பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பவளப்பாறை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குள்ள அதே பாதுகாப்பு. 2016ல் கடல் சூடேறியதில் நிறைய வெளுத்துப் போயிற்று. யாராவது அழகுப்பொருள் என்று ஒரு துண்டை நீட்டினால் வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் வைக்காதீர்கள், வழக்கு வாங்குபவர் மேலும் வரும். சங்கு, சோழி வாங்குவதானாலும் கடைக்காரரிடம் விசாரித்து, ரசீது கேட்டு வாங்குங்கள்.