முதலில் கையெழுத்து, பிறகு டிசைன்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ தடம் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டபோது வட சென்னையின் டோல்கேட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. இந்த ரயில் போகும் நிலப்பரப்பே ஒரு தொழிற்சாலை வரலாறு. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. எண்ணூரில் அசோக் லேலண்ட் வந்தது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. இந்த ஆலைகளில் நிரந்தர வேலையில் இருந்தவர்களிடம் நியமனக் கடிதம் இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக மீதிதான் கைக்கு வந்தது என்றாலும், சம்பளம் நின்றால் கேட் முன்னால் நின்று கேட்க ஒரு சங்கம் இருந்தது.

அந்த வீடுகளின் அடுத்த தலைமுறையில் ஒரு பகுதி இப்போது லேப்டாப்பில் வேலை செய்கிறது. துறைமுகத்தை நம்பியிருக்கும் கிளியரிங் ஏஜென்சி, கன்டெய்னர் லாரி நிறுவனம், மீன் ஏற்றுமதியாளர், கேட்டரிங், டியூஷன் சென்டர் என எல்லோருக்கும் இன்று வெப்சைட் வேண்டும், லோகோ வேண்டும், இன்ஸ்டாகிராம் போஸ்டர் வேண்டும். ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனர் அதைச் செய்து தருகிறார். வேலை வாட்ஸ்அப்பில் வருகிறது, போனில் பேசி முடிகிறது. அட்வான்ஸ் ஜிபேயில் வருகிறது, சில சமயம் அதுவும் வருவதில்லை. பேலன்ஸ் கேட்கும்போதுதான் கையில் ஒரு காகிதமும் இல்லை என்பது உறைக்கிறது.

ஃப்ரீலான்ஸ் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாதுகாப்பு இருக்கிறது, சில இடங்களில் வலுவாகவே இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வேலை தொடங்குவதற்கு முன் செய்துவைத்த பதிவையும் எழுதி வாங்கிய வரிகளையும் பொறுத்தது. பிரச்சினை வந்தபின் ஓடுகிறவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

பணத்திலிருந்தே தொடங்கலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் லேத் பட்டறைக்கு மட்டுமானதல்ல. சேவை தருகிறவருக்கும் அது பொருந்தும். தனியாளாக வீட்டிலிருந்து வெப்சைட் செய்து தரும் ஒருவர் உத்யம் பதிவு செய்துகொண்டால், சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு குறுந்தொழில் நிறுவனம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு ஆன்லைனில் செய்யலாம், கட்டணம் எதுவும் இல்லை. அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. அவற்றிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

பதிவு இருந்தால் என்ன கிடைக்கும்? எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், பணம் வந்தாக வேண்டும். தேதி பேசப்படவில்லை என்றால், முடித்துக் கொடுத்த வேலையைக் கிளையன்ட் ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். அதற்கும் அசையாத கிளையன்ட் மீது குறு, சிறு தொழில் வசதி மன்றத்தில் முறையிடலாம். இதற்கென மத்திய அரசு 2017-இல் ‘சமாதான்’ என்ற ஆன்லைன் வழியைத் திறந்தது. மன்றம் பணம் தரச் சொல்லி உத்தரவிட்டு, கிளையன்ட் அதை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பினால், உத்தரவிட்ட தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இழுத்தடிப்பதையே உத்தியாக வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு விதி போதுமான தடை.

பேலன்ஸ் வராதபின் அவசரமாகப் பதிவு செய்துவிட்டு முறையிட்டவர்களின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2021-இலேயே கடுமை காட்டியிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன் பதிவு இருந்ததா என்பது கேள்வியாகும். எனவே முதல் கொட்டேஷன் அனுப்புவதற்கு முன் உத்யம் எண் கையில் இருக்க வேண்டும். கொட்டேஷனிலும் இன்வாய்ஸிலும் அது அச்சாகியிருக்க வேண்டும். இதில் இன்னொரு பயனும் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டு வரை கிளையன்ட் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலாளி கவனிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் அந்த எண்ணைக் கவனிப்பார். மார்ச் மாதம் நெருங்கும்போது “அந்தப் பையனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துடுங்க” என்று அவரே சொல்வார்.

உரிமையைப் பற்றிய குழப்பம் இதைவிடப் பெரியது. “காசு கொடுத்தேன், டிசைன் என்னுது” என்று கிளையன்ட் சொல்கிறார், டிசைனரும் தலையாட்டிவிடுகிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியது நிறுவனத்துக்குப் போகும். வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் செய்து தருபவர் எழுதிய நிரலும் வரைந்த லோகோவும், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, அவருடையவை. மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்தெந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். போட்டோவின் கதை வேறு. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். வெப்சைட்டோடு சேர்த்துக் கடையின் படங்களையும் எடுத்துக் கொடுக்கும் டிசைனர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

சம்பளக்காரருக்கும் சுதந்திரக் கலைஞருக்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டைக் கேரளத்தின் ‘போபனும் மோளியும்’ வழக்கு தெளிவாகக் காட்டியது. அந்தப் பாத்திரங்களை உருவாக்கிய கார்ட்டூனிஸ்ட் டாம்ஸ், மலையாள மனோரமாவில் பணியாற்றிவிட்டு 1980-களின் பிற்பகுதியில் வெளியேறினார். பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்தது. அவர் வேலையில் சேருவதற்கு முன்பே பிறந்த பாத்திரங்கள் அவை. வேலையை விட்டபின் அவர் அவற்றை வரைவதைத் தடுக்க முடியாது என்றது கேரள உயர் நீதிமன்றம்.

நம்மூர் உதாரணமும் ஒன்று உண்டு. ரூபாய்க்கு ஒரு குறியீடு கேட்டு 2009-இல் மத்திய அரசு போட்டி அறிவித்தது. வெற்றி பெறுபவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய், வடிவத்தின் பதிப்புரிமை அரசுக்கு என்பது நிபந்தனை. தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமாரின் வடிவம் 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்டது. என்ன கிடைக்கும், எதைக் கொடுக்கிறோம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இன்று சமூக ஊடகத்தில் “லோகோ போட்டி” என்ற பெயரில் நூறு பேரிடம் இலவசமாக வேலை வாங்கும் விளம்பரங்களில் இந்த இரண்டில் ஒன்றுகூட இருப்பதில்லை. நிபந்தனை எழுதப்படாத போட்டிக்கு ஒரு கோடுகூட அனுப்ப வேண்டாம்.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், முழுத் தொகை வந்தபிறகே உரிமை கிளையன்ட்டுக்கு மாறும், டிசைனர் தன் போர்ட்ஃபோலியோவிலும் வலைப்பதிவிலும் இந்த வேலையைக் காட்டிக்கொள்ளலாம் என்ற வரிகள் அதில் இருக்கட்டும். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்தபின் அந்த வேலையைத் தன் பக்கத்தில் காட்டுவதும் கேள்விக்குள்ளாகலாம். அடுத்த வேலையைப் பெற்றுத் தருவது அந்தப் பக்கம்தான் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

பணம் வராத கோபத்தில் கிளையன்ட்டின் வெப்சைட்டை முடக்குவது, பாஸ்வேர்டை மாற்றிவிடுவது, கோப்புகளை அழிப்பது ஆகியவற்றை மட்டும் செய்யவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பணம் கேட்க வேண்டிய ஆள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை வரும்.

டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பதும் பின்னால் பெரிய சண்டையாகிறது. சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே, ‘சிஃபி’ என்ற தன் பெயரைச் சாயலாகப் பயன்படுத்திய சிஃபிநெட் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகக் குறியீட்டைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னது. அவ்வளவு மதிப்புள்ள ஒன்றைக் கிளையன்ட்டின் பெயரிலும் கிளையன்ட்டின் மின்னஞ்சலிலும் பதிவு செய்து கொடுப்பதே இருவருக்கும் பாதுகாப்பு. டிசைனரின் சொந்தத் தளத்துக்கும் அதே நியாயம். இலவசப் பக்கத்தை மட்டும் நம்பாமல், சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கருவிகள். கேன்வாவில் அரை மணி நேரத்தில் லோகோ செய்துவிடலாம். ஆனால் அங்குள்ள டெம்ப்ளேட்டையும் படங்களையும் வைத்துச் செய்த லோகோவை வணிகக் குறியீடாகப் பதிவு செய்ய அந்த நிறுவனத்தின் உரிமமே இடம் தருவதில்லை. அதே படம் வேறு ஆயிரம் பேருக்கும் திறந்திருக்கிறது. லாரி நிறுவனம் நாளைக்கு அந்த லோகோவைப் பதிவு செய்யப் போய்த் திரும்பினால் பழி டிசைனர் மேல்தான் விழும். எழுத்துருக்களிலும் இதே கவனம் தேவை. யாரோ அனுப்பிய ஜிப் கோப்பிலிருந்து தமிழ் ஃபான்ட் எடுத்துப் போடுவது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. அதற்கு அவசியமே இல்லை. இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவாணர்’, ‘பவனம்’ போன்றவை திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு தமிழ் எழுத்துருக் கலைஞரின் உழைப்பை நேர்மையாகப் பயன்படுத்தும் வழி இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு?

செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைப் பற்றி இன்னும் தெளிவு வரவில்லை. கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது இந்தியச் சட்டம். அமெரிக்காவில் 2025 மார்ச்சில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மனித ஆசிரியர் இல்லாமல் பதிப்புரிமை இல்லை என்றது. தன் செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறது. இந்த நிலையில், இயந்திரம் தந்த படத்துக்கு “முழு உரிமையும் உங்களுக்கே” என்று கிளையன்ட்டிடம் எழுதிக் கொடுப்பது ஆபத்து. எந்தப் பகுதி எப்படி உருவானது என்பதைச் சொல்லிவிடுவதே சரி.

ஆன்லைன் கருவி வாடகை வீடு மாதிரி. 2022-இல் பான்டோன் வண்ணங்களுக்கான ஏற்பாடு மாறியபோது, பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளில் அந்த வண்ணங்கள் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. திரும்பப் பார்க்கத் தனிச் சந்தா கேட்டார்கள். உலகம் முழுக்க டிசைனர்கள் நம்பியிருந்த இன்விஷன் 2024 டிசம்பர் 31-உடன் தன் வடிவமைப்புச் சேவைகளை மூடிவிட்டது. முடித்த ஒவ்வொரு வேலையையும் எஸ்.வி.ஜி., பி.டி.எஃப். வடிவில் இறக்கித் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது, வலைப்பதிவை மாதம் ஒருமுறை நகலெடுப்பது இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வேலை தேடுகிறவரின் அவசரத்தை மோசடிக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று கையெழுத்து வாங்கிவிட்டு, “துல்லியம் போதவில்லை” என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்பது ஒரு வகை. அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பது இன்னொரு வகை. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ ஒருபோதும் தேவையில்லை. மூன்றாவது வகை உயிருக்கே உலை வைப்பது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஐ.டி. தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் சைபர் மோசடிக் கூடங்களில் அடைப்பதாக வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24 அன்று எச்சரித்தது. அப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் சென்னை திரும்பினார்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, போன பணத்தை நடுவழியில் நிறுத்த.

ஒப்பந்தமே போடாமல் ஏற்கெனவே சிக்கியவர்கள் என்ன செய்வது? முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. மின்னஞ்சலில் பேசி முடித்ததும் செல்லுபடியாகும் ஒப்பந்தமே என்பதை 2010-இல் ட்ரைமெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. “டிசைன் சூப்பர், பேலன்ஸ் திங்கட்கிழமை போடுறேன்” என்ற வாட்ஸ்அப் செய்தி நல்ல ஆதாரம். அதை அழிக்காமல், போனை மாற்றாமல் பாதுகாக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும், வக்கீல் அதைப் பார்த்துக்கொள்வார். பணம் தரவேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதே பலரைத் தடுக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நேரில் போக விரும்பினால், மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. டோல்கேட்டில் ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். போகும்போது கொட்டேஷன், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, ஒப்படைத்த கோப்புகளின் தேதி ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போக வேண்டும். வழக்குக்கு முன்பே லோக் அதாலத் வழியாக இரு தரப்பையும் அழைத்துப் பேசவைக்கும் வசதியும் அங்கே உண்டு. அங்கே சமரசம் எழுதப்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது.